பதினோரு வருடத் தலையாட்டல்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், சலவைக்கூடத்தில் பாதிப் பேர் அப்படி ஒருத்தி இங்கே வேலை செய்யவில்லை என்று சத்தியம் செய்திருப்பார்கள்.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு ஏழு துவைக்கும் எந்திரங்கள். எதிரே மூன்று பிழியும் எந்திரங்கள். நடுவில் நீராவியில் சூடாகும் பெரிய உருளை. ஈரமான படுக்கைவிரிப்பின் முனைகளை இரண்டு பேர் பிடித்து இந்தப் பக்கம் விட்டால், அந்தப் பக்கம் அது காகிதம் போல விறைப்பாக வெளியே வரும். அந்த உருளையின் முன்னால் அவள் இருபத்தாறு வருடம் நின்றாள். பிழியும் எந்திரம் வேகமெடுக்கும்போது தரை அதிரும், பல் கூசும். பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்பதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தியும் பயனில்லாத நேரத்தில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். காதை மூடிக்கொள்ளும் உறைகள் ஒரு முறை பெட்டி நிறைய வந்தன. போட்டால் வியர்க்கிறது, முடி சிக்குகிறது என்று ஒவ்வொருத்தியும் அதைச் சுவரில் மாட்டிவிட்டாள். இஸ்திரியக்காவும் மாட்டினாள்.

அவளுக்குக் காது போகத் தொடங்கியது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, அவளாலும் முடியாது. வீட்டில் கெட்டில் விசிலடிப்பது முதலில் நின்றது. பழசாகிவிட்டது என்று புதிது வாங்கினாள். புதியதும் ஊமையாகவே கொதித்தது. அடுத்து கைப்பேசி கெட்டது. கடைக்காரர் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று அவள் வேறு கடைக்குப் போனாள். மூன்றாவது கைப்பேசியும் கெட்டபோது, கெட்டுப்போனது மனிதர்கள்தான் என்ற முடிவுக்கு வந்தாள். இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, பஞ்சை அடைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குறைப்பட்டாள்.

கணவன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தவள் தங்கை ஒருத்திதான். அவளும் கணவனை இழந்தவள், அவளுக்கு ஒரே மகள். ஒரே குடியிருப்பின் நான்காவது மாடியில், நடைவழிக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் தங்கையும் இருந்தார்கள். தங்கை, பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் இரண்டு வீட்டுக் கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டு, அவரவர் அடுப்படியில் நின்றபடியே பேசிக்கொள்வார்கள். கடையில் முதலாளியின் மைத்துனி செய்த அலம்பலைத் தங்கை சொல்ல, அறுவைசிகிச்சை மருத்துவரின் மேலங்கிப் பையில் கிடந்த சாக்லேட் காகிதங்களின் கணக்கை அக்கா சொல்லுவாள். தங்கை மகள் கல்யாணமாகி வெளிநாடு போகும்வரை, இரண்டு பேரும் பேசறது ரேடியோ மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு என்று சிரிப்பாள்.

அந்தப் பேச்சில்தான் முதல் ஓட்டை விழுந்தது. தங்கை ஒன்று கேட்க, அக்கா வேறொன்று சொன்னாள். இரண்டு மூன்று முறை நடைவழியைத் தாண்டி வந்து நேரில் சொல்லிப் பார்த்த தங்கை, ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, உனக்குக் காது கேக்கலியா?"

"உன் வீட்டுப் பக்கம் மின்விசிறி போடற சத்தத்துல என்னத்தக் கேக்கறது."

மின்விசிறி ஓடவில்லை. தங்கை அதைச் சொல்லவில்லை. ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாமே, உன் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள். காட்டலாம், காட்டலாம் என்றாள் அக்கா.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கிருந்து வாரத்துக்கு நாற்பது படுக்கைவிரிப்புகள் சலவைக்கு வரும், ஓரத்தில் நீல நூலில் பிரிவின் அடையாளம் தைத்திருக்கும். அவற்றையெல்லாம் அவள்தான் உருளையில் விட்டு எடுத்து மடித்து அனுப்பினாள். மின்தூக்கியில் ஏறினால் ஒரு நிமிடப் பயணம். ஆனாலும் போகவில்லை. சீட்டு எழுதுகிற பெண்ணுக்கு அவளைத் தெரியும். வாசலில் நிற்கும் காவல்காரருக்குத் தெரியும். இஸ்திரியக்கா காது பார்க்க வந்தாள் என்ற செய்தி, அவள் படியிறங்குவதற்குள் அடித்தளத்துக்கு வந்து சேர்ந்துவிடும். சின்ன வயதில் அவள் பள்ளிக்குப் போகும் வழியில் சைக்கிள் பழுதுபார்க்கிற ஒருவர் இருந்தார். காதில் ஒயர் தொங்கும், சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு கருவி. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைத்து, அவர் திரும்பிப் பார்த்து 'என்ன, என்ன' என்று கருவியைத் தட்டுவதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயசானா வர்றதுதான், இதுக்குப் போய் ஒரு வைத்தியமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

சமாளிக்கக் கற்றுக்கொண்டாள். அதில் கெட்டிக்காரியும் ஆனாள். எதிரில் இருப்பவர் முகம் சிரித்தால் சிரிக்க வேண்டும், சுருங்கினால் உச்சுக்கொட்ட வேண்டும். குரல் கேள்வி போல மேலே போய் நின்றால் 'பார்ப்போம்' என்று சொல்ல வேண்டும். பார்ப்போம் என்ற சொல்லுக்குப் பொருந்தாத கேள்வி உலகத்தில் அநேகமாக இல்லை. மற்றதற்கெல்லாம் தலையாட்டினால் போதும். எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பான வழி, தானே பேசிக்கொண்டிருப்பது. அடுத்தவர் வாயைத் திறக்க இடம் கொடுத்தால்தானே வம்பு. முன்பெல்லாம் அளவாகப் பேசுகிறவள், இப்போது பிடித்தால் விடாமல் பேசினாள். அவள் வருவதைக் கண்டால் ஆட்கள் வேறு வழியாகப் போகத் தொடங்கினார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சலவைக்கூடத்துப் பெண்கள் ஐந்து பேர் ஒரு நீள மேசையில் உட்காருவார்கள். அவர்களில் உயரமான ஒருத்திக்கு மணிக்கூண்டு என்று பெயர். அவள்தான் மேசையின் கதைசொல்லி, யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். இஸ்திரியக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் மணிக்கூண்டு நடித்துக் காட்டும்போது முகத்தைத் திருப்புவாள், கையால் வாயை மறைப்பாள், எல்லோரும் வெடித்துச் சிரிப்பார்கள். இவள் இரண்டு நொடி தாமதித்துச் சிரிப்பாள். ஒரு நாள் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு இவள் சிரிப்பு மட்டும் தனியாக ஒலித்தது. மணிக்கூண்டு அப்போது சொல்லிக்கொண்டிருந்தது தன் தம்பி வேலை இழந்த கதை. ஐந்து பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவள் துணி இருப்பு அறையில் சாப்பிட்டாள். அலமாரிகளில் அடுக்கடுக்காக வெள்ளை விரிப்புகள், ஒரு மர ஸ்டூல், ஜன்னல் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அந்த வருடம்தான் அவளை ஷிப்டுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். பதவி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று மேசையில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கு எட்டவில்லை.

மாலையில் வீட்டுக்கு வரும்போது அவள் தலை பாரமாக இருக்கும். நாள் முழுவதும் வாய்களை உற்றுப் பார்த்து, விட்டுப்போன பாதியை ஊகித்து, ஊகித்தது சரியா என்று முகத்தைப் பார்த்து, அப்படியே பொழுது போயிருக்கும். அவளுக்குப் படி, பசி, பணி எல்லாம் ஒரே சொல்தான். சொல்லின் நடுவில் இருப்பதைக் காணவில்லை, ஓரங்கள் மட்டும் கேட்டன. ஆண்களின் குரலில் கொஞ்சம் பிடி கிடைக்கும். பெண்கள் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல இருந்தது. தங்கையின் குரலும் பெண் குரல்தான். நடைவழியின் குறுக்கே பேச்சு போவது குறைந்தது. பிறகு ஒரு நாள் அக்கா தன் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தாள். தங்கை சில நாள் தன் கதவைத் திறந்தே வைத்திருந்தாள், பிறகு அவளும் சாத்திக்கொண்டாள்.

வேலையிலும் ஒரு நாள் அது வெளியே வந்தது. அறுவைசிகிச்சை அரங்கிலிருந்து தொலைபேசியில் ஒரு செவிலியர் பச்சைத் துணிக்கட்டு பத்து, உடனே வேண்டும் என்றார். அவளுக்குப் 'பத்து' கேட்டது, 'உடனே' கேட்டது. அந்த நேரத்துக்கு வழக்கமாகப் பிரசவ வார்டுதான் கூப்பிட்டுத் தலையணை உறை கேட்கும். பத்துத் தலையணை உறைகளைப் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். மேலே மயக்க மருந்து கொடுக்கத் தயாராக ஒரு நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் இருபது நிமிடம் கைகட்டி நின்றார்கள். கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மறந்துவிட்டேன் என்றாள். அது இரண்டாவது முறை, மூன்றாவது முறை நடந்தபோதும் அதையே சொன்னாள். அவளிடமிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டார்கள், ஷிப்டுத் தலைவி வேலையும் போயிற்று. அக்காவுக்கு மறதி நோய் வருகிறது போல, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அவள் வாயசைவிலேயே படித்தாள். மறுக்கவில்லை. காது கேட்காதவள் என்று சொல்வதைவிட அதுவே மேல் என்று அப்போது தோன்றியது. பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, உண்மையிலேயே மறதிதானோ என்று அவளுக்கே பயம் வந்தது. நேற்று யார் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்ப்பாள். ஒன்றும் நினைவுக்கு வராது. கேட்டிருந்தால்தானே நினைவிருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பத்தாவது வருடம் ஒரு மாலையில் தங்கை வந்தாள். அபூர்வமாக வந்தவள் என்பதால் அக்கா டீ போட்டாள். ஜன்னலுக்குக் கீழே சாலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள், வீடே அதிர்ந்தது. டீ குடித்து முடித்ததும் தங்கை கோப்பைகளை எடுத்துப்போய்த் தொட்டியில் கழுவ ஆரம்பித்தாள். இரண்டே கோப்பைகள்தான். வெகு நேரம் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள், மகள் பெயர் வந்தது, ஊர் பற்றி வந்தது, போவது பற்றி வந்தது. மகளைப் பார்க்கப் போகிறாள் போலிருக்கிறது, போன வருடமும் விடுமுறைக்குப் போனாளே என்று அக்கா நினைத்தாள். கழுவுவதில் அசைந்துகொண்டிருந்த தங்கையின் தோள்கள் அசையாமல் நின்றன. குரல் கேள்வி போல மேலே போய் முடிந்தது.

"நல்லதுதானே, போயிட்டு வா. எனக்கென்ன?" என்றாள் அக்கா.

தங்கை குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அக்காவால் படிக்க முடியவில்லை. சிரிக்க வேண்டிய முகமா, உச்சுக்கொட்ட வேண்டிய முகமா என்று தெரியாமல் சும்மா தலையாட்டிவைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எதிர்வீட்டில் ஆட்கள் வந்து போனார்கள். அலமாரியை இறக்கினார்கள். தையல் எந்திரத்தை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளையடிக்கப் போகிறாள் என்று அக்கா நினைத்தாள். கேட்கலாம், கேட்டால் பதில் புரிய வேண்டுமே. ஒரு காலையில் வெளியே வந்தால் நடைவழியில் நான்கு பெரிய பெட்டிகள். தங்கை மகள் வந்திருந்தாள். அக்கா அவளைத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்து, எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். பிறகு முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா அங்கயே எங்களோட இருக்கப் போறாங்க, பெரியம்மா. வீட்டை வித்தாச்சு. உங்ககிட்ட கேட்டப்போ நீங்களும் சரின்னுதான சொன்னீங்க? அம்மா சொன்னாங்களே."

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல அதுதான் நேரம். பத்து வருடம் மறைத்ததையெல்லாம் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்திருக்கலாம். பெட்டிகளுக்குப் பக்கத்தில் தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

"ஆமா, சொன்னா, சொன்னா," என்றாள் அக்கா. "எத்தனை மணிக்கு வண்டின்னு கேட்டேன்."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டபோது காதருகில் ஏதோ சொன்னாள். கழுத்தில் சூடான மூச்சு பட்டதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தங்கைக்கு எழுதப் படிக்க வராது. கடையில் அளவுகளை எண்ணாகக் குறித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டாள். கைப்பேசிக்குள் முகமும் கிடையாது, வாயும் கிடையாது, வெறும் கரகரப்பு. அக்கா 'ம்' என்றாள், 'ஆமா' என்றாள், 'சரி' என்றாள். ஐந்து நிமிடம் மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. அப்புறம் தங்கை கூப்பிடுவதை விட்டுவிட்டுக் குரலைப் பதிவுசெய்து அனுப்பினாள். அக்கா அவற்றைச் சத்தத்தை முழுதாக வைத்துக் காதோடு அழுத்திக் கேட்டுப் பார்த்தாள். குரல் தங்கையுடையது என்பது தெரிந்தது, சொல் ஒன்றும் தெரியவில்லை. யாரிடமாவது கொடுத்து என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கலாம். யாரிடம் கொடுப்பது? பதினான்கு பதிவுகள் வந்தன. பதில் போகாததால் அதுவும் நின்றது.

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் வந்த வாரத்தில் கதவைத் தட்டியிருக்கிறார்கள், இவள் திறக்கவில்லை. மாடிப்படியில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள், இவள் திரும்பவில்லை. ஒரு நாள் கதவிடுக்கில் ஒரு காகிதம் கிடந்தது, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கும்படி மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். அதற்குப் பிறகு போடவே இல்லை. சத்தம் இல்லாமல் பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எழுந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்காது. திங்கட்கிழமை காலையில் பேச வாயெடுத்தால் தொண்டை கட்டியிருக்கும்.

பதினோராவது வருடம், சலவைக்கூடத்தின் சரிவுப் பாதையில் தள்ளுவண்டியோடு நின்றவள் மேல், பின்பக்கமாக வந்த துணி லாரி மோதியது. லாரி பின்னால் வரும்போது விட்டுவிட்டு ஒலி எழுப்பும். ஓட்டுநர் அதை நம்பி வந்தார். வண்டி இடித்துத் தள்ளியதில் இடது மணிக்கட்டு முறிந்தது. தள்ளுவண்டி குறுக்கே இல்லாவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்காது.

அவசரப் பிரிவில் முகக்கவசம் போட்ட ஓர் இளம் மருத்துவர் ஏதோ கேட்டார். ஐம்பத்தேழு என்றாள். மறுபடி கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். பக்கத்தில் நின்ற செவிலியர், இவங்களுக்குக் கொஞ்ச நாளா மறதி டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும், மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பிறகு இவளை ஒரு கணம் பார்த்தார். மேசையிலிருந்த காகிதத்தை இழுத்து நான்கு சொற்கள் எழுதி அவள் மடியில் வைத்தார்.

'உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?'

யாரும் இதுவரை இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை. கேட்ட ஒருத்தியிடம் மின்விசிறியைச் சாக்குச் சொல்லித் தப்பித்தாயிற்று. தலையாட்டித் தப்பிக்க இந்தக் காகிதத்தில் வழியில்லை.

"இல்ல டாக்டர்," என்றாள். "கேக்கல."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. மணிக்கட்டு வலியென்று நினைத்துச் செவிலியர் ஊசி எடுத்து வந்தார்.

கையில் மாவுக்கட்டோடு மூன்றாம் மாடிக்குப் போனாள். சீட்டு எழுதும் பெண் எழுதினாள், அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை. காதைச் சோதித்தவர் நரைத்த கிராப் வைத்த ஓர் அம்மாள், அதிகம் சிரிக்காதவர். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். இஸ்திரியக்கா பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மாளின் கை எதையோ திருகிக்கொண்டே இருந்தது. இவள் விரல் பெரும்பாலும் சும்மாவே இருந்தது.

எத்தனை வருடமாக என்று கேட்டார். சொன்னாள். சலவைக்கூடத்தில்தானே இருக்கிறீர்கள், கீழேதானே என்று அவர் கேட்டதற்குத் தலைகுனிந்தாள். காது மெஷின் வைத்தால் சத்தம் வரும் என்று அந்த அம்மாள் முகத்துக்கு நேரே, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஆனால் இத்தனை வருடம் மூளைக்கு அந்தச் சத்தங்கள் போய்ச் சேரவில்லை. எது சொல், எது இரைச்சல் என்று பிரிக்கிற பழக்கம் அதற்கு விட்டுப்போயிருக்கும். திரும்பப் பழக்க வேண்டும். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, முழுசாகத் திரும்பாது. எட்டு ஒன்பது வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார். திட்டுவது போல இல்லை. அளவு சொல்வது போலச் சொன்னார்.

மெஷின் வைத்துக்கொண்டு வெளியே வந்த முதல் நாள் அவள் நடுங்கிப்போனாள். காகிதம் மடிக்கிற சத்தம் தகரம் கிழிவது போல இருந்தது. தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்தொடர்கிறார்கள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்தால் சரளைக்கல் கொட்டியது. மனிதக் குரல்கள் எல்லாம் ஒரே கும்பலாக வந்து காதில் மோதின, சொல் மட்டும் பழையபடி கைக்கு அகப்படவில்லை. மூன்றாம் நாள் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். இதற்காகவா பதினோரு வருடம் பயந்தோம், இதற்காகவா இப்போது வாயைத் திறந்தோம் என்று வெறுத்துப்போயிற்று. அந்த நரைத்தலை அம்மாள் விடவில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டு, தினமும் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், தெரிந்த ஒருவர் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

வீட்டில் யாரும் இல்லை. கைப்பேசியில் பதினான்கு பதிவுகள் இருந்தன.

மாவுக்கட்டுக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள். காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கைப்பேசியை மேசையில் வைத்து முதல் பதிவிலிருந்து தொடங்கினாள். முதல் வாரம் வெறும் குரல்தான். இரண்டாம் வாரம் 'அக்கா' என்பது தனியாகப் பிரிந்து வந்தது. அந்த ஒரு சொல் ஒவ்வொரு பதிவிலும் எத்தனை முறை வருகிறது என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு குளிர் என்றொரு சொல், பிறகு பஸ், பிறகு மாப்பிள்ளை. புரிந்ததை ஒரு நோட்டில் எழுதினாள், புரியாத இடத்தில் கோடு போட்டாள். ஏழாவது பதிவு மற்றவற்றைவிடச் சிறியது. அதில் கோடுகள் நிரம்ப ஐந்து வாரம் ஆயிற்று. நிரம்பியபோது நோட்டில் இப்படி இருந்தது.

'நீ வேண்டாம்னு சொன்னா நான் போகலன்னு அன்னைக்கு சொன்னேனே அக்கா. ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதா. எனக்கென்னன்னு சொல்லிட்ட.'

நோட்டை மூடிவைத்துவிட்டு அன்று முழுவதும் அவள் எதையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையின் எண்ணை அமுக்கினாள். ஒலித்துக்கொண்டிருப்பது கேட்டது. எடுத்ததும் கேட்டது. அங்கிருந்து ஏதாவது வருவதற்குள் இவள் பேசிவிட்டாள்.

"அன்னைக்கு நீ கோப்பை கழுவிக்கிட்டே சொன்னது எனக்குக் கேக்கவே இல்லடி. எனக்குப் பதினோரு வருஷமா காது கேக்கல. யார்கிட்டயும் சொல்லல."

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. தங்கை பேசவில்லையா, பேசியது இவளுக்கு வந்து சேரவில்லையா என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக யாரிடமும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள் தங்கை, நிறுத்தி நிறுத்தி. "அழுதுக்கிட்டிருக்கேன்."

அடுத்த வாரங்களில் தங்கை கோபப்பட்டாள், நன்றாகவே கோபப்பட்டாள். கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு அது என்ன மானம் என்று கேட்டாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவது தனக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை, கடைக்குப் போனால் தானும் சிரித்துத் தலையாட்டிவிட்டுத்தான் வருகிறேன் என்றும் ஒரு நாள் சொன்னாள். திரும்பி வர வழியில்லை. வீடு கைமாறிவிட்டது, மகளுக்குக் குழந்தை பிறக்கவிருந்தது, தங்கையின் முழங்காலும் சரியில்லை. இப்போது ஞாயிறுதோறும் முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுகிறாள். உதட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் பிடிபடும். பிடிபடாததை அக்கா கேட்கிறாள், தங்கை திரும்பச் சொல்கிறாள். மூன்றாவது முறைக்குச் சில நாள் தங்கைக்குச் சலித்துவிடும், 'ஒண்ணுமில்ல விடு' என்பாள். அந்த விடு என்ற சொல் மட்டும் முதல் முறையிலேயே தெளிவாகக் கேட்டுவிடுகிறது.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு மதியம் நீள மேசைக்குப் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மணிக்கூண்டு வாயைப் பிளந்தாள். நாங்கள் உனக்குத் தலைக்கனம் என்றல்லவா நினைத்தோம் என்றாள். இடம் விட்டார்கள், எதிரில் உட்காரவைத்து முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஆனால் தட்டுகளின் சத்தமும், ஐந்து பேர் குரலும், கதவுக்கு அப்பால் எந்திரங்களும் ஒன்றாகச் சேர்ந்து அந்த மெஷினுக்குள் இரைந்தன. கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் மேசையில் சாப்பிடுகிறாள், மற்ற நாள் துணி அறையில். காதை மூடும் உறைகளைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்து ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தாள். இரண்டு பேர் போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் அவள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணிடம், எனக்குக் காது சரியாகக் கேட்காது, நீங்கள் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள், கதவைத் தட்டுவதானால் பலமாகத் தட்டுங்கள் என்று சொன்னாள். அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்து, சரி என்றாள். மாலையில் வேலை விட்டு வந்ததும் இஸ்திரியக்கா கைகால் கழுவி, மெஷினுக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள். இதுவரை யாரும் தட்டவில்லை.